அடுத்தவர் இடத்தில் விழுந்து அடிபட்டால்: சிங்கப்பூரில் இழப்பீடு கேட்க முழுமையான வழிகாட்டி

எங்கள் புளோக்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரு பேரங்காடியில்தான் அம்மா விழுந்தார். உறைமீன் வைத்திருக்கும் குளிர்பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, வெளிர் சாம்பல் தரையில் கண்ணுக்கே தெரியாமல் பரவிக் கிடந்திருக்கிறது. வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. விழுந்ததும் அம்மா முதலில் செய்தது சேலையைச் சரிசெய்துகொண்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். ஓடி வந்த கடை ஊழியரிடம் "நத்திங், நத்திங்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து நின்றிருக்கிறார்.

நான் போய்ச் சேர்வதற்குள் தரையைத் துடைத்துவிட்டார்கள். மஞ்சள் எச்சரிக்கைப் பலகையும் வந்து நின்றுவிட்டது. ஆனால் அம்மாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிய ஒரு மலாய்க்காரப் பெண்மணி, துடைப்பதற்கு முன்பே தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். படத்தில் பலகை இல்லை. தண்ணீர் பளபளத்தது. ஓரத்தில், குளிர்பெட்டிக்கு அடியில், யாரோ தட்டையாக்கிச் செருகியிருந்த ஓர் அட்டைப்பெட்டி ஊறிப்போய்க் கிடந்தது.

அந்த ஊறிய அட்டைதான் பின்னால் எங்கள் பக்கம் பேசியது. கசிவு கடைக்கு முன்பே தெரியும், சரிசெய்யாமல் அட்டையைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த ஒன்றரை வருட அலைச்சலில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இது பொது விளக்கம். உங்கள் விவகாரத்துக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் வரும் நாள்களில்தான் பாதி வழக்கு தீர்மானமாகிறது.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: விழுந்தது மட்டும் போதாது

நம்மவர்கள் பலர் "அவங்க கடையிலதானே விழுந்தேன், அவங்கதான் கொடுக்கணும்" என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1957லேயே இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்புக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். சிங்கப்பூரில் அப்படி ஒன்று கிடையாது. முன்பெல்லாம் விழுந்தவர் அழைப்பின் பேரில் வந்தவரா, அனுமதியோடு வந்தவரா, அத்துமீறி நுழைந்தவரா என்று பிரித்துப் பார்த்துத்தான் பொறுப்பை அளந்தார்கள். 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை விலக்கி, இதையும் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

ஆக நீங்கள் நிரூபிக்க வேண்டியவை இவை. அந்த இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவருக்கு உங்களைக் காக்கும் கடமை இருந்தது; நியாயமான கவனத்தோடு நடக்க அவர் தவறினார்; அந்தத் தவறால்தான் நீங்கள் அடிபட்டீர்கள்; அதனால் உங்களுக்கு இன்னின்ன இழப்பு. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே கடமை உண்டா என்று யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் இரண்டாவதில்தான்.

ஒரு வாடிக்கையாளர் கையிலிருந்த மைலோ சிந்தி, அரை நிமிடத்தில் நீங்கள் வழுக்கினால், கடைக்காரர் என்ன செய்திருக்க முடியும்? அதே மைலோ அரை மணி நேரம் கிடந்தால் கதை வேறு. எவ்வளவு நேரம் கிடந்தது, யாருக்குத் தெரியும், தரையைக் கவனிக்க என்ன ஏற்பாடு இருந்தது என்பவைதான் கேள்விகள். 1976ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு இந்த விஷயத்தில் இன்றும் பேசப்படுகிறது. லிவர்பூலில் ஒரு பேரங்காடித் தரையில் சிந்திக் கிடந்த தயிரில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். தயிர் எப்போது சிந்தியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. தரையை ஒழுங்காகக் கவனித்தால் சாதாரணமாக இப்படி நடக்காது, ஆகவே என்ன ஏற்பாடு வைத்திருந்தோம் என்று கடைதான் விளக்க வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது சிந்திய ஆரஞ்சுச் சாறு கால் மணி நேரம் அப்படியே கிடந்ததைப் பார்த்ததாக அந்தப் பெண் சாட்சி சொன்னதும் அதில் உண்டு. இங்குள்ள நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் நடந்த இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்பது எவ்வளவு பயன்தரும் என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கார் நிறுத்துமிடத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் பலகை மாட்டியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். வணிகம் நடத்துகிறவர் தன் கவனக்குறைவால் ஒருவருக்கு ஏற்படும் காயத்துக்கோ மரணத்துக்கோ உள்ள பொறுப்பை, பலகை வைத்தோ ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோ தட்டிக்கழிக்க முடியாது. சிங்கப்பூரில் நடப்பிலுள்ள நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் அதைத் தடுக்கிறது. பொருள் சேதத்துக்கு மட்டும், நியாயமாக இருந்தால் அந்தப் பலகை செல்லக்கூடும்.

படி 1: எழுந்திருப்பதற்கு முன்பே படம்

தலையிலோ முதுகிலோ அடி என்றால் அசையாமல் 995ஐ அழைக்கச் சொல்லுங்கள். மற்றபடி உங்களாலோ பக்கத்தில் இருப்பவராலோ முடிந்தால், துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று முழு இடமும் தெரிய ஒன்று, எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா இல்லையா என்று காட்ட ஒன்று, கூரையில் கேமரா எங்கே இருக்கிறது என்று ஒன்று. உடைந்த ஓடாக இருந்தால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுங்கள். மேடுபள்ளம் எவ்வளவு என்று அப்போதுதான் புரியும். சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை தரை உயரம் மாறும். வெறும் படத்தில் அது தெரியவே தெரியாது.

பார்த்தவரின் பெயரையும் எண்ணையும் வாங்குங்கள். கூச்சம் வேண்டாம்.

போட்டிருந்த செருப்பைக் கழுவாமல் ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். கடையின் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு வந்த முதல் பதிலிலேயே "தேய்ந்த செருப்பு அணிந்திருந்தார்" என்று எழுதியிருந்தார்கள். வாங்கி இரண்டு மாதமே ஆன செருப்பு பையில் அப்படியே இருந்ததால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

மேலாளர் ஒரு படிவம் நீட்டுவார். சம்பவத்தைப் பதிவு செய்யச் சொல்வது நல்லது, பிரதியும் கேளுங்கள். ஆனால் ஆங்கிலத்தில் இருப்பதைப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவிடம் நீட்டிய தாளில் "வாடிக்கையாளர் கவனிக்காமல் நடந்தார்" என்று எழுதி, கூடவே 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பற்றுச்சீட்டு ஒன்றையும் வைத்திருந்தார்கள். "என் மக வந்து படிக்கட்டும்" என்று அம்மா சொன்னது நாங்கள் செய்த புண்ணியம்.

படி 2: அன்றைக்கே மருத்துவர்

"தைலம் தடவினால் சரியாகிவிடும்" என்று நான்கு நாள் பொறுத்துப் போனால், அந்த நான்கு நாளில் வேறெங்கோ விழுந்திருப்பார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பலதுறை மருந்தகமோ அவசரச் சிகிச்சைப் பிரிவோ, அன்றைக்கே போங்கள். எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் குறிப்பில் அது ஏறும். "கீழே விழுந்தேன்" என்பதோடு நிறுத்தாமல் "கடையில் ஈரத் தரையில் வழுக்கினேன்" என்று சொல்லுங்கள்.

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), ரசீது, டாக்சிக் கட்டணம், வாங்கிய கைப்பட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். மெடிசேவிலிருந்து (மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து) கட்டியதும் உங்கள் பணம்தான், கணக்கில் சேருங்கள். வழக்குக்கு முறையான மருத்துவ அறிக்கை தேவைப்படும். மருத்துவமனையில் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும், கைக்கு வரப் பல வாரம் பிடிக்கும்.

படி 3: சிசிடிவி அழிவதற்குள் எழுதுங்கள்

பெரும்பாலான இடங்களில் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். ஆகவே விழுந்த அன்றோ மறுநாளோ மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி, நேரம், இடம், என்ன உடை அணிந்திருந்தீர்கள் என்று குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லுங்கள். கூடவே 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் உருவம் உள்ள பதிவைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் தொடர்பு விவரத்தை வெளியிட்டிருக்க வேண்டும். அந்த முகவரிக்கே அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர முடியாவிட்டால் எப்போது முடியும் என்றாவது அவர்கள் சொல்ல வேண்டும். மற்றவர்களின் முகத்தை மறைத்துத் தருவார்கள், கட்டணமும் கேட்கலாம்.

அரசாங்க அமைப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் எழுதுங்கள். எழுத்தில் கேட்ட பிறகும் பதிவு காணாமல் போனால், அது ஏன் என்று நீதிபதி நிச்சயம் யோசிப்பார்.

பொது இடம் என்றால், பொது இடப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியிலும் புகார் போடுங்கள். அதே குழியைப் பற்றி அண்டை வீட்டார் முன்பே புகார் போட்டிருந்தால் அந்தப் புகாரின் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கி வையுங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்ற வாதத்துக்கு அது நேரடிப் பதில்.

படி 4: யார் மீது?

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட அது யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதே கேள்வி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் தாழ்வாரம், படிக்கட்டு, மின்தூக்கி, கீழ்த்தளம் ஆகியவை நகர மன்றத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. வீட்டுக்குள் என்றால் அந்த வீட்டுக்காரர். கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) பொது இடங்கள் அதன் நிர்வாகக் கழகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. கடைத்தொகுதியில் கடைக்குள் விழுந்தால் கடைக்காரர், வெளியே நடைபாதையில் விழுந்தால் கட்டட நிர்வாகம். பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம்.

ஈரச்சந்தையில் இன்னும் சிக்கல். மீன்கடைக்காரர் ஊற்றிய தண்ணீரா, அடைத்துக்கொண்ட பொதுச் சாக்கடையா என்று பார்க்க வேண்டும். தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியில் இடறினால், தொட்டிக்காரரையும் கவனிக்க வேண்டும், எடுக்கச் சொல்லாமல் விட்டவரையும் கவனிக்க வேண்டும்.

"துப்புரவை வெளிக் குத்தகையாளரிடம் கொடுத்துவிட்டோம், அவரைக் கேளுங்கள்" என்பது வழக்கமான பதில். அதில் கொஞ்சம் சாரம் உண்டு. தகுதியான குத்தகையாளரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தால், அவருடைய கவனக்குறைவுக்கு வேலை கொடுத்தவர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016ல் ஒரு கொண்டோ வழக்கில் உறுதிசெய்தது. அதனால் ஆரம்பத்திலேயே இருவருக்கும் கடிதம் போவது நல்லது. நிறுவனத்தின் சரியான பெயரும் பதிவு முகவரியும் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஏக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் கிடைக்கும். கடைப் பலகையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயராக இருக்காது.

வேலை நேரத்தில் அடிபட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதில் முதலாளியின் தவறை நிரூபிக்கவே தேவையில்லை, ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலை அனுமதியில் வந்திருக்கும் தம்பிகளுக்கும் இது உண்டு. இல்லப் பணிப்பெண்களுக்கு இல்லை. அந்தச் சட்டப்படி வாங்குவதா, நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். படிவத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலோ டிடபிள்யுசி2, ஹோம் போன்ற வெளிநாட்டு ஊழியர் உதவி அமைப்புகளிலோ ஒருமுறை கேளுங்கள்.

படி 5: மூன்று ஆண்டு

உடற்காயத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். 2025 மார்ச் 10ல் விழுந்தவர் 2028 மார்ச் 10க்கு முன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். காயம் பிற்பாடுதான் தெரியவந்தது போன்ற சில சூழலில் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தாலும் கடிகாரம் நிற்காது. "பேசிக்கிட்டுதானே இருக்கோம்" என்றிருந்து கோட்டைவிட்ட ஒரு குடும்பம் எங்கள் புளோக்கிலேயே உண்டு.

படி 6: வழக்கறிஞரும் செலவும்

"ஜெயித்தால் இத்தனை விழுக்காடு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்" என்று இத்தகைய காய வழக்குகளுக்குக் கட்டணம் பேசச் சிங்கப்பூர் வழக்கறிஞருக்கு அனுமதியில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு மருத்துவமனை வாசலிலோ தங்குவிடுதியிலோ உங்களை அணுகுகிறவரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வருமானம் குறைவாக இருந்து, வழக்கிலும் நியாயம் இருந்தால், சட்ட அமைச்சின் கீழுள்ள லீகல் எய்ட் பியூரோவில் விண்ணப்பிக்கலாம். புரோ போனோ எஸ்ஜி அமைப்பும் சில சமூக மன்றங்களும் இலவசச் சட்ட ஆலோசனை தருகின்றன. நேரம் குறைவு. அதனால் ஒரு பக்கத்தில் தேதி வாரியாக நடந்ததை எழுதி, படங்களை அச்செடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல்முறை வெறுங்கையோடு போய், நேரத்தை எல்லாம் கதை சொல்லியே கரைத்துவிட்டேன்.

கட்டணம் கொடுத்து வைத்துக்கொள்வதாக இருந்தால், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சிறு காயம், ஒரு வாரம் எம்சி, 200 வெள்ளி மருத்துவச் செலவு என்றால் வழக்குக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு நல்ல கடிதத்தோடு முடித்துக்கொள்ளப் பாருங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே பொருள் சேதத்தை விசாரிப்பார்கள், உடற்காயத்தை விசாரிக்க மாட்டார்கள்.

படி 7: கடிதத்திலிருந்து நீதிமன்றம் வரை

முதலில் கோரிக்கைக் கடிதம். என்ன நடந்தது, அவர்கள் தவறு என்ன, காயம் என்ன, எவ்வளவு கேட்கிறீர்கள் என்று ஆவணங்களோடு போகும். வழக்கமாக அதை அவர்களுடைய காப்புறுதி நிறுவனம் எடுத்துக்கொள்ளும். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள நீதிமன்ற விதிகள், வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு முயலும்படி இரு தரப்பையும் கட்டாயப்படுத்துகின்றன. எழுத்தில் வைக்கும் சமரச யோசனை குறைந்தது 14 நாளாவது திறந்திருக்க வேண்டும்.

ஒத்துவராவிட்டால் தாக்கல். 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். தாக்கல் செய்த கோரிக்கை மூன்று மாதத்துக்குள் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அரசு நீதிமன்றங்களில் காய வழக்குகளை விசாரணைக்கு முன்பே நீதிபதி ஒருவர் முன்னிலையில் பேசித் தீர்க்க வாய்ப்பு தருவார்கள். அங்கே எடுபடாவிட்டால் யார் தவறு என்பதை முதலில் விசாரித்து, தொகையைப் பிறகு தனியாக மதிப்பிடுவது வழக்கம். தமிழில்தான் சாட்சி சொல்ல முடியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்ன ஒரு வாக்கியம் வழக்கையே சாய்த்துவிடும்.

படி 8: எவ்வளவு கேட்கலாம்?

ரசீது காட்டக்கூடிய செலவு ஒரு பக்கம்: மருத்துவம், போக்குவரத்து, இழந்த சம்பளம், உதவிக்கு வைத்த ஆள். இன்னொரு பக்கம் வலியும் வேதனையும் வாழ்க்கையில் இழந்ததும். இதற்கு எந்த எலும்பு, எவ்வளவு முறிவு என்று வரம்புகள் குறித்த ஒரு வழிகாட்டி நூல் 2010ல் வந்தது. வழக்கறிஞர்கள் அதிலிருந்தும் பழைய தீர்ப்புகளிலிருந்தும் தொகையைக் கணிப்பார்கள். இனிச் செய்ய வேண்டிய சிகிச்சை, குறைந்துபோன சம்பாதிக்கும் திறன் ஆகியவையும் உண்டு.

அம்மா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். "சம்பளச் சீட்டு இல்லையே, எப்படிக் காட்டுவீர்கள்?" என்று கேட்டார்கள். அளவு குறித்து வைக்கும் அவருடைய நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தத் தீபாவளிக்கு யாருக்கு எத்தனை ரவிக்கை, முன்பணம் எவ்வளவு என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார். அதையும் பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) வரவுகளையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் போட்டோம். முறுக்கு அச்சைத் திருக முடியவில்லை, மாவுப் பாத்திரத்தை ஒரு கையால் தூக்க முடியவில்லை என்பதையெல்லாம் தேதியிட்டு எழுதி வைத்தோம். "கை முன்போல் இல்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட முறுக்கு அச்சு என்று சொன்னபோதுதான் எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

உங்கள் பக்கமும் தவறிருந்தால் தொகை குறையும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்ததற்கு 20 விழுக்காடு என்று முடிவானால், 30,000 வெள்ளியில் 24,000தான் கைக்கு வரும். அதற்காக முழுக் கோரிக்கையும் போய்விடாது. ஆகவே உங்கள் தவறை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள்.

படி 9: கையெழுத்துக்கு முன்

பேசி முடித்தால் "முழுமையான இறுதித் தீர்வு" என்று ஒரு தாள் வரும். அதில் கையெழுத்துப் போட்டபின் அதே காயத்துக்கு மறுபடி கேட்க முடியாது. ஆறு மாதம் கழித்து உலோகத் தகட்டை எடுக்க மறு அறுவைச் சிகிச்சை வந்தாலும் முடியாது. ஆகவே எலும்பு கூடி, இனி என்ன சிகிச்சை மிச்சம் என்று நிபுணர் எழுதிக் கொடுக்கும்வரை தொகை பேச அவசரப்படாதீர்கள். சொன்ன தொகையில் வழக்கறிஞர் செலவு அடக்கமா, தனியா, எத்தனை நாளில் காசோலை வரும், மெடிசேவுக்குத் திரும்பப் போக வேண்டியது எவ்வளவு என்று கேளுங்கள்.

எங்கள் தாளை வழக்கறிஞர் அலுவலகத்தில் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார் அம்மா. மூன்றாவது பத்தியில் மறு அறுவைச் சிகிச்சைச் செலவு விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, தாளை மறுபடி அடித்துக் கொண்டுவரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.